கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஏற்றுமதி வேலையா?

மகள் வேதியியல் பட்டம் முடித்துவிட்டு, ரசாயனம் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் சேரப்போவதாகச் சொல்கிறார். படித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. வணிகம் மட்டும் படித்தவர்கள் தடுமாறும் இடங்கள் இந்தத் தொழிலில் நிறைய. அங்கேதான் அவருக்கு மதிப்பு.

பென்சீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 95 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மை இருந்தால் சுங்க அட்டவணையில் கரிம ரசாயனங்களுக்கான 29-ஆம் அத்தியாயம். குறைந்தால், பெட்ரோலியப் பொருள்கள் இருக்கும் 27-க்குப் போய்விடும். வரி மாறலாம், சரக்கு துறைமுகத்தில் நின்றும் போகலாம். பிளாஸ்டிக் செய்ய உதவும் ஸ்டைரீன் திரவம் வேறு மாதிரி. வழியிலேயே பாலிமராக இறுகிவிடாமல் இருக்கத் தடுப்பான் கலந்து அனுப்புவார்கள்; அந்தத் தடுப்பான் வேலை செய்ய, திரவத்தில் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். நீரில்லா அசெட்டிக் அமிலமோ 16.6 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். குளிர்காலத்தில் சூடாக்கும் வசதியுள்ள டேங்க் கேட்க வேண்டும் என்பது வேதியியல் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றும்.

என்னைக் கேட்டால், முதலில் விற்பனைப் பிரிவு வேண்டாம். கச்சா எண்ணெய் விலை ஆடினால் அங்கே எல்லாமே ஆடும். ஆவணங்களும் விதிமுறைகளும் பார்க்கும் பிரிவில் சேரட்டும். அசெட்டிக் அன்ஹைட்ரைடு செயற்கை இழைக்கும் மருந்துக்கும் தேவை, ஹெராயின் தயாரிக்கவும் உதவும். அதனால் 1988-இன் ஐ.நா. உடன்படிக்கையின் கண்காணிப்பில் இருக்கிறது. தயோடைகிளைகால் மையிலும் சாயத்திலும் பயன்படுவது, ஆனால் மஸ்டர்ட் வாயு என்ற ரசாயன ஆயுதத்துக்கும் மூலப்பொருள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு பொருளை ஆண்டுக்கு 1 டன் அல்லது அதற்கு மேல் இறக்குமதி செய்தால், பொதுவாக 'ரீச்' என்ற அவர்களின் ரசாயனச் சட்டப்படி பதிவு வேண்டும். வாங்குபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று விசாரிப்பதே அந்தப் பிரிவில் பாதி வேலை. இதைக் கற்றவருக்கு வேறு நிறுவனத்திலும் இடம் கிடைக்கும்.

எம்பிஏ-வுக்கு அவசரமில்லை. அதற்கு முன் ரசாயனத்தின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும், 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளைப் படிக்கவும், எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை), சிஐஎஃப் (காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த விலை) வித்தியாசத்தையும், எல்சி (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) எப்படி ஓடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். நேர வித்தியாசத்தால் ராத்திரியில் போன் வரும், அதற்கு வீட்டில் நீங்களும் தயாராக இருங்கள்.

அப்புறம், நேர்காணலில் அவர் ஒன்று கேட்கட்டும்: சரக்கு தரம் குறைந்ததாக வாங்கியவர் புகார் சொன்னால், ஆய்வறிக்கையைப் பார்த்துப் பதில் எழுதுவது யார்? தெளிவான பதில் வராத நிறுவனத்தில் சேர யோசிக்கலாம்.