கண்ணுக்குள் பிளாஸ்டிக்

கேள்வி: மகள் பயோமெட்டீரியல்ஸ், அதாவது உடம்புக்குள் வைக்கும் செயற்கைப் பொருட்களைப் பற்றி, படிக்கிறாள். எலும்பு, இதயமெல்லாம் இருக்க, எடுத்த எடுப்பில் கண்புரை லென்ஸை நடத்துகிறார்களாமே, ஏன்?

பதில்: கதை அப்படி! இரண்டாம் உலகப் போரில் விமானி அறையின் கண்ணாடி போன்ற கூரை உடைந்து விமானிகளின் கண்ணில் ஏறிய பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் பெரிதாக அழற்சி கிளப்பாமல் அவை பாட்டுக்குக் கிடந்ததை லண்டன் டாக்டர் ஹரால்ட் ரிட்லி கவனித்து, அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949-ல் கண்புரை நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள், அது வேறு விஷயம். உடம்பு எதைச் சகிக்கும் என்று சொல்லித்தர இதைவிட நல்ல தொடக்கம் ஏது? அப்புறம் காண்டாக்ட் லென்ஸ் வரும். கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்புறத் தெளிவான படலத்துக்கு, ரத்தக்குழாய் கிடையாது, ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுக்கிறது, பழைய கெட்டி லென்ஸ் அதை மறித்தது, அதனால்தான் இப்போது ஆக்சிஜனை ஊடே விடும் மென்மையான சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ். மகளை மதுரை ஆரோலேப் நிறுவனம் பற்றியும் படிக்கச் சொல்லுங்கள், கண்ணுக்குள் வைக்கும் இந்த உள்விழி லென்ஸை மலிவாகச் செய்து காட்டியவர்கள்.