புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எடுக்கும் சீரியல் காட்சியில் ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சமும் சத்தமும் மாறுவது ஏன்?
அங்கே கடல் கிழக்கில். காலையில் கடலைப் பார்ப்பவர் முகத்தில் நேர் வெயில், எதிரே நிற்பவருக்கு நிழல். மதியத்துக்கு மேல் தலைகீழ். அதனால் முதலில் மாஸ்டர் ஷாட் (எல்லோரும் தெரிய முழுக் காட்சியையும் எடுப்பது), உடனே ஒரு பக்கத்து குளோசப் அனைத்தும், பிறகு எதிர்ப்பக்கம். வசன வரிசைப்படி எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் கேமராவும், முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டரும் இடம் மாற வேண்டும். அதற்குள் வெயில் நகர்ந்துவிடும். மஞ்சள் சுவரோரம் முகத்திலும் மஞ்சள் ஏறும், அந்தப் பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பிடியுங்கள்.

எடிட்டிங்கில் உயிரை வாங்குவது சத்தம்தான். மைக் கடலை நோக்கித் திரும்பும்போதெல்லாம் அலை இரைச்சல் கூடும். யாரும் பேசாமல் 60 விநாடி அலைச் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்து, ஷாட் மாறும் வெட்டுகளுக்கு அடியில் ஓடவிடுங்கள். அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க, பூ, பொட்டு, முந்தானையை ஷாட் முடிந்ததுமே உதவி இயக்குநர் படமெடுத்து வைக்கட்டும். கடற்காற்றில் தலைமுடிதான் முதலில் கலையும்.