‘பஜாருக்கு ஐந்து நிமிட நடை’: போகும்போதா, வரும்போதா?

கேள்வி: திருப்பூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், வயது 63. மனைவிக்கு மூட்டுவலி. எங்களிடம் கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. பால், காய்கறி, மருந்துக்கடை, பேருந்து நிலையம் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் உள்ள சிறிய மலை ஊர் ஒன்றில் குடியேற விரும்புகிறோம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மூன்றையும் பார்த்தோம். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து விற்கிறார்கள். அதில் 6 சென்ட் மனையைக் காட்டிய தரகர், ‘பஜாருக்கு ஐந்து நிமிட நடை’ என்றார். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் பவர் வைத்திருப்பவரே பத்திரம் எழுதித் தருவாராம். மாத இறுதிக்குள் முன்பணம் கேட்கிறார்கள். எந்த ஊர் எங்களுக்கு ஏற்றது? இந்த மனையை வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். இந்த ஆண்டு எந்த ஊரிலும் எதையும் வாங்கவும் வேண்டாம். ஊரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ‘ஐந்து நிமிட நடை’யைக் கவனிக்க வேண்டும். நில அளவையராக இந்த மலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த வாக்கியத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் பிறகு எல்லையை அளந்து தரச் சொல்லி என்னிடம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சமவெளியில் நடைதூரத்தை மீட்டரில் அளந்தால் போதும். மலையில் ஏற்றத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். தரகர் உங்களை மனையிலிருந்து பஜார் வரை இறங்கி நடக்க வைத்துவிட்டுத் திரும்பும்போது ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இறங்கும்போது ஐந்து நிமிடம் ஆகும் வழி, காய்கறிப் பையோடு ஏறும்போது இருபது நிமிடம் ஆவது இங்கே சாதாரணம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வரும் மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் பகுதியில்கூட, 12 மீட்டர் போனால் 1 மீட்டர்தான் உயர்கிறது. அதைவிடச் செங்குத்தான சந்துகளில் இந்த ஊர்க்காரர்கள் தினமும் நடக்கிறார்கள். அவர்கள் சிறு வயது முதலே ஏறிப் பழகியவர்கள், உங்கள் மனைவி அப்படி அல்லர்.

ஆகவே ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். பஜாரில் ஐந்து கிலோ அரிசி வாங்கிக்கொண்டு, இருவரும் மனை வரை நடந்து ஏறுங்கள். வழியில் படிக்கட்டு வந்தால் படிகளை எண்ணுங்கள். ஒரு படி 16 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் நூறு படி என்பது ஐந்து மாடி. அதே வழியில் மாலை ஏழு மணிக்கும் ஒருமுறை நடந்து, தெருவிளக்கு எதுவரை எரிகிறது என்று பாருங்கள். கோத்தகிரியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் பாதையில் இருட்டிய பிறகு கரடியும் காட்டெருமையும் வருவது அன்றாடச் செய்தி. சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயுவும் ஏறக்குறைய அதே எடை இரும்பும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை அதைச் சுமப்பவருக்குத் தனிக் கூலி உண்டு. மழை நாளில் அந்தக் கூலிக்கும் ஆள் கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் சிலிண்டர் எப்படி வருகிறது என்று விசாரித்தால், தரகர் சொல்லாததெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி ஊர்கள். குன்னூரில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் மூன்றும் கீழ்க்குன்னூரில் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன. கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் குடியிருப்புகளில் பெரும்பாலானவை அதற்கு மேலே சரிவில் அடுக்கடுக்காக இருப்பதால், வெறுங்கையோடு இறங்கிச் சுமையோடு ஏற வேண்டிய ஊர் அது. சிம்ஸ் பூங்கா அமைந்துள்ள மேல்குன்னூரில் பெட்போர்டை ஒட்டிய தெருக்களில் அந்தச் சிரமம் குறைவு. அன்றாடத் தேவைக்கான கடைகள் அங்கேயே உண்டு, மார்க்கெட்டுக்கு வாரம் ஒருமுறை இறங்கினால் போதும். கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறை வரும் என்பதால், வீட்டில் எத்தனை லிட்டர் தொட்டி இருக்கிறது, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோத்தகிரி அளவில் சிறியது, கூட்டம் குறைவு. ஜான்ஸ்டன் சதுக்கம், காமராஜர் சதுக்கம், பேருந்து நிலையம், மார்க்கெட் ஆகியவற்றை ஒட்டிய வீடு என்றால் நீங்கள் கேட்பதற்கு மிகவும் பொருத்தமான ஊர். ஆனால் அந்த வட்டத்தைத் தாண்டிய உடனே ஊர் முடிந்து தோட்டம் தொடங்கிவிடுகிறது. கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பு, பேருந்து நிலையம், அண்ணா சாலைக் கடைகள், மூஞ்சிக்கல் என்று எல்லாமே நடைதூரத்தில்தான் உள்ளன. கோடை சீசனிலும் தொடர் விடுமுறைகளிலும் அந்தச் சாலையில் நடப்பதற்கே இடம் இருக்காது. பெரிய மருத்துவமனை என்றால் மலைப்பாதையில் இறங்கி மதுரைக்குப் போக வேண்டும். சுமார் 120 கி.மீ. நீலகிரியிலோ, ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் திறக்கப்பட்டுவிட்டது. குன்னூரிலிருந்து அங்கே செல்லப் பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. மூட்டுவலிக்காரருக்கும், மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பவருக்கும் நான் கொடைக்கானலைச் சொல்ல மாட்டேன்.

அடுத்து நீங்கள் பார்த்த மனை. இதில் நான் முதலில் கேட்பது விலையை அல்ல, வழியை. தேயிலைத் தோட்டத்துக்குள் கொழுந்து பறிப்பவர்கள் நடந்து நடந்து உண்டான பாதைகள் ஏராளம். அவை கண்ணுக்குத் தெரியும், வரைபடத்தில் இருக்காது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பவர் அந்தப் பாதையில் கொஞ்சம் ஜல்லியைக் கொட்டி, ‘20 அடி ரோடு’ என்று காட்டுவார். நீங்கள் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வாங்கிக்கொண்டு, வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள். புலப்படத்தில் அந்த வழி தனி எண்ணோடு இருக்கிறதா, அந்த எண் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் பட்டியல்) பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால் வழி பொதுவழி, கவலையில்லை. இல்லையென்றால் அது யாரோ ஒருவரின் பட்டா நிலம். இன்று விற்பவருடையது, நாளை அதையும் வாங்கப் போகிறவருடையது. அவர் முள்வேலி போட்டால் உங்கள் ஐந்து நிமிட நடை அத்தோடு முடிந்தது.

இதைச் சொன்னால் தரகர்கள் உடனே, ‘வழியை யாரும் மறிக்க முடியாது சார், சட்டமே இருக்கு’ என்பார்கள். சட்டம் இருப்பது உண்மைதான். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரே உரிமையாளரிடம் இருந்த நிலம் பிரிக்கப்பட்டு, பிரிந்த ஒரு துண்டுக்கு மற்றத் துண்டின் வழியாக அல்லாமல் போகவே முடியாது என்ற நிலை இருந்தால், அந்த வழியைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் இந்த உரிமையின் எல்லைகளைத் தரகர் சொல்லமாட்டார். முதலாவது, இரண்டு துண்டுகளும் ஒரு காலத்தில் ஒருவரிடமே இருந்தவை என்று நீங்கள் தாய்ப்பத்திரம் காட்டி நிரூபிக்க வேண்டும். பக்கத்துத் தோட்டம் வேறொருவருடையது என்றால் அதன் வழியாகப் போக இந்த உரிமை உங்களுக்கு உதவாது. இரண்டாவது, வேறு வழியே இருக்கக் கூடாது. சுற்றுவழி ஒன்று இருந்துவிட்டால், அது முந்நூறு படி ஏறுகிற வழியாகவே இருந்தாலும், ‘வசதிக் குறைவு’ என்பதற்காகச் சட்டம் இரங்காது. மூன்றாவது, தேவை தீர்ந்தால் உரிமையும் தீரும்: உங்கள் மனையின் மறுபக்கம் நாளை ஒரு பொதுப்பாதை வந்தால், அது பஜாருக்கு நேர் எதிர்த் திசையில் போனாலும், பழைய வழி கைவிட்டுப் போகலாம். இத்தனையையும் உரிமையியல் நீதிமன்றத்தில் நிறுவ எத்தனை ஆண்டு ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வழக்கு நடக்கும் காலமெல்லாம் உங்கள் வீட்டுக்கு மருந்து யார் கொண்டுவருவது? ஆகவே சட்டம் தரும் வழியை நம்பி மனை வாங்காதீர்கள். பொதுவழியாக இருக்க வேண்டும். அல்லது வழியின் அகலம், நீளம், எந்த உட்பிரிவில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரங்களோடு உங்கள் கிரையப் பத்திரத்திலேயே வழிப் பாத்தியதை (அந்த வழியாகப் போய்வரும் உரிமை) எழுதப்பட்டு, வழி நிலத்தின் உரிமையாளரும் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

பவர் விஷயம் எளிது. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடம் பவரும் செத்துவிடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று, பவர் எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது, ரத்து செய்யப்படவில்லையா, அதில் விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் ஒருமுறை பேச வேண்டும் என்று கேளுங்கள். தட்டிக்கழித்தால் விலகிவிடுங்கள். முன்பணத்தைப் பவர் ஏஜெண்டின் கணக்கில் போடச் சொன்னாலும் அப்படியே.

‘பத்திரம் பதிவாகிறதே, பிறகு என்ன பயம்’ என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உறுதி தருவதில்லை. வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதிவாகாத ஒப்பந்தங்களும் தெரியாது. அரசு ஒரு துறையில் முத்திரைத் தீர்வை வாங்கிக்கொண்டு, அடுத்த துறையில் ‘இந்த மனைக்கு அங்கீகாரம் இல்லை’ என்கிறது. இரண்டு அலுவலகமும் சில சமயம் ஒரே சாலையில் இருக்கும். மலைப்பகுதிக்கென்று 1993-இலேயே தனிக் கட்டட விதிகள் வந்துவிட்டன. கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுள்ள கிராமங்களின் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் (HACA) உங்கள் கிராமம் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை என்று ஒவ்வொருவரின் கருத்தும் வேண்டும். ஒருவர் இட மாறுதலில் போனால் கோப்பு முதலிலிருந்து தொடங்கும். நேர்மையாக 800 சதுர அடி வீடு கட்ட வருபவர் இப்படி அலைய, சரிவை வெட்டி விடுதி கட்டியவர்கள் கட்டிக்கொண்டே போனார்கள். கொடைக்கானலில் அதன் விளைவாக 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விதிமீறிய கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டன. உங்கள் வயதில் இந்த வரிசையில் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. எப்போதாவது வாங்குவதாக இருந்தால் மனையை விட்டுவிட்டு, ஊருக்குள் அனுமதி வரைபடமும் சொத்துவரி ரசீதும் உள்ள பழைய சிறு வீட்டைப் பாருங்கள்.

அதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். அந்த ஓராண்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலம் கட்டாயம் இருக்க வேண்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் நிலச்சரிவு ஏற்பட்டதும், 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவுகளில் இறந்ததும் அந்தப் பருவத்தில்தான். இந்த மாவட்டத்தில் 283 இடங்கள் அபாயகரமானவை என்று நிர்வாகம் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடோ மனையோ அவற்றில் ஒன்றை ஒட்டி இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வெயிலடிக்கும் ஏப்ரலில் மனை காட்டும் தரகரை நவம்பர் இரண்டாம் வாரத்தில் அதே இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டப்பட்ட மண்சுவர் இருந்தால், அதிலிருந்து கலங்கல் நீர் கசிகிறதா, அதன் மேலிருக்கும் மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா என்று அப்போது உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதல் ஆறு மாதம் மேல்குன்னூரில் பெட்போர்டை ஒட்டியும், அடுத்த ஆறு மாதம் கோத்தகிரி பஜாரை ஒட்டியும் வாடகைக்கு இருந்து பாருங்கள். மாடி வீடு வேண்டாம். சாலை மட்டத்தில் வாசல் உள்ள வீடாகப் பாருங்கள். மலை ஊர்களில் சாலையிலிருந்து பார்த்தால் தரைத்தளமாகத் தெரியும் வீட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு தளங்கள் இருக்கும். வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடியில் இருப்பதுதான், அதில் ஈரமும் அதிகம். பிள்ளைகள் வெளி மாவட்டத்திலிருந்து சொந்தக் காரில் வருவதாக இருந்தால், 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை (இணைய அனுமதிச் சீட்டு) அவர்கள் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அது தேவையில்லை.

தரகருக்கு மறுப்புச் சொல்லத் தயக்கமாக இருந்தால், புலப்படத்தின் நகலும் பவர் பத்திரத்தின் நகலும் மூலப்பத்திரங்களின் நகலும் கைக்கு வந்த பிறகு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். ‘வேறு பார்ட்டி பணத்தோடு நிற்கிறார்’ என்று பதில் வந்தால், அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.