வாய்க்குள் வெள்ளைத் திட்டு: ரத்தப் பரிசோதனை போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறார். ரொம்ப வருஷமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம். இடது கன்னத்தின் உட்புறம் நான்கு மாதமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. பல் டாக்டர் பயாப்ஸி (சின்னச் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். 'மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனையில் ரத்தத்திலேயே புற்றுநோய் தெரிந்துவிடும்' என்ற ஒரு விளம்பரத்தை மாமா அனுப்பினார். அதைச் செய்துகொண்டு பயாப்ஸியைத் தவிர்க்கலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: தவிர்க்கக் கூடாது. இந்த வாரமே அப்பாவை பயாப்ஸிக்கு அழைத்துப் போங்கள். மாமா அனுப்பிய விளம்பரத்தில் உள்ள அறிவியல் பொய்யில்லை. அதனால் அதை நம்பியதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அறிவியல் இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் எடுத்துச் சொல்ல உங்களுக்கு உதவும்.

தறியை வைத்தே சொல்கிறேன். சேலையின் டிசைன் முழுவதும் முதலாளியின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அது டி.என்.ஏ. ஒவ்வொரு தறிக்கும் வேண்டிய பகுதியை மட்டும் சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். அது தூது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்து நெய்யும் துணிதான் புரதம். 'இது போதும், இனி நெய்ய வேண்டாம்' என்று சீட்டை மடக்கி வைக்கவோ கிழித்துப் போடவோ ஒரு மேஸ்திரி வேண்டுமல்லவா? மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அந்த வேலை. சீட்டில் ஆயிரக்கணக்கான எழுத்து இருக்கும். மேஸ்திரிக்கு மொத்தமே சுமார் 22 எழுத்துதான். தன் எழுத்தோடு பொருந்துகிற சீட்டில் போய் ஒட்டிக்கொண்டு நெசவை நிறுத்துகிறார். ஒரே மேஸ்திரி நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் கவனிக்க முடியும்.

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1993-ல் இதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டார்கள். அந்தப் புழுவுக்கு மட்டுமே உள்ள விநோதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000-ல் கிடைத்த இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதனிடமும் அப்படியே இருந்தது. 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோயோடு உள்ள தொடர்பு 2002-ல் தெரிய வந்தது. ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போகும். அங்கே எந்த மரபணு தொலைந்தது என்று வருஷக்கணக்கில் தேடினார்கள். கார்லோ குரோச்சேயின் குழு பார்த்தபோது, தொலைந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். செல் சாகாமல் காக்கும் ஒரு புரதத்தை அளவோடு வைத்திருப்பது இவற்றின் வேலை. மேஸ்திரி போய்விட்டால் அந்தப் புரதம் தாறுமாறாக நெய்யப்படுகிறது. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மிர்-21 அளவுக்கு மீறிப் போனால், செல்லின் வளர்ச்சிக்கு பிரேக் போடும் புரதங்களின் சீட்டையே கிழித்துவிடும். வாய்ப் புற்றுநோய்த் திசுக்களில் மிர்-21, மிர்-31 இரண்டும் அடிக்கடி கூடுதலாகக் காணப்படுகின்றன. விளம்பரம் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

சரி, அப்படியானால் ரத்தத்தில் அளந்தால் என்ன? மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கெடாமல் மிதப்பது உண்மை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று முகவரி எழுதியிருக்காது. சிவப்பணு, தட்டணு, கல்லீரல் என எல்லா இடத்திலிருந்தும் வருகிறது. மிர்-21 உடம்பில் வேறெங்காவது அழற்சி இருந்தாலே கூடும். ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் சில அளவுகள் மாறிவிடும். கன்னத்தில் உள்ள ஒரு சின்னத் திட்டு, ஆரம்பநிலைப் புற்றாகவே இருந்தாலும், ரத்தத்தில் ஒன்றுமே காட்டாமல் போகலாம்.

'நார்மல்' என்று வரும் காகிதத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஏற்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை சரியாக வந்ததை நம்பி எட்டு மாதம் கழித்து வந்தார். அதற்குள் கழுத்தில் நெறிகட்டி இருந்தது. அவருடைய சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நான்தான். இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்து, கத்தி பயம். பயாப்ஸி எடுத்ததால் ஒரு வெள்ளைத் திட்டு புற்றாக மாறாது. கன்னத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, உளுந்து அளவு சதை எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட்டாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். செல்கள் ஒழுங்காக அடுக்கி இருக்கின்றனவா, கீழே உள்ள திசுவுக்குள் இறங்கிவிட்டனவா என்பது கண்ணுக்கே தெரியும். இன்னொன்று: மெழுகுக் கட்டிக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. பல வருஷம் கெடாமல் இருக்கும். நாளைக்கு நல்ல பரிசோதனை ஒன்று வந்தாலும் அதே கட்டியிலிருந்து செய்துகொள்ளலாம். எனவே கட்டியை ஆய்வகத்திலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

நம் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே, இதைச் செய்துகொள்ளலாம். ஒருவேளை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவையும் கதிர்வீச்சும் அடங்கும். அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். விளம்பரப் பரிசோதனைக்கு ஒதுக்கிய பணம் கையில் இருக்கட்டும்.

புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் தொடரலாமா என்று அப்பா கேட்பார். எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அவருக்கு வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடியவில்லையா, காரம் பட்டால் எரிகிறதா என்றும் கேளுங்கள். ஆமென்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அறிக்கை வந்ததும் அதில் 'டிஸ்பிளேசியா' (செல்கள் ஒழுங்கு தவறியிருந்தும் இன்னும் புற்றாகாத நிலை) என்ற சொல் இருக்கிறதா, பக்கத்தில் லேசானது, நடுத்தரம், தீவிரம் என்பதில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். திட்டை எடுத்துவிடுவதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதுமா என்று டாக்டர் முடிவு செய்வதற்கு அதுதான் முக்கியமான குறிப்பு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.