பந்து போகும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஏப்ரலில் என் கணவருடன் டோக்கியோவில் உள்ள மிராய்கன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். அவர் மென்பொருள் துறையில் இருப்பவர். நான் ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அறிவியல் தெரியாது. நான்கு மணி நேரமும் அவர் ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். எனக்குத்தான் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. அங்கே தொங்கும் பெரிய பூமி உருண்டையை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகளைப் பார்க்கிறேன் என்றதும் அவர் சிரித்துவிட்டார். இத்தகைய இடங்களுக்குப் போகும் முன் என்னைப் போன்றவர்கள் எந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டும்? கணவன் மனைவியாகப் போவது நல்லதா, தனித்தனியாகப் பார்ப்பதா? ரோபோக்கள் பெருகினால் எங்கள் தொழில் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது.

எஸ்., ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் அதே மிராய்கனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் பழைய பை ஒன்றைத் துடைத்து வைக்கும்போது, 2017இல் நாங்கள் அங்கே போனபோது வாங்கிய நுழைவுச்சீட்டு அதற்குள் மடித்த நிலையில் கிடைத்தது. ஆகவே உங்களுக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரோபோக்களைப் பற்றிய பயத்துக்கு இங்கே நான் விடை சொல்லப் போவதில்லை. அது ஒரு தனிக் கட்டுரைக்குரிய பொருள்; அருங்காட்சியகத்தில் ஓர் எந்திரம் கையசைப்பதைப் பார்த்து முடிவு செய்யக்கூடியதும் அல்ல. அங்கே இருபது ஆண்டுகள் பார்வையாளர்களை மகிழ்வித்த அசிமோ என்ற ரோபோவே 2022 மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டது.

என்னைக் கோபப்படுத்தியது உங்கள் கடிதத்தின் நான்காவது வாக்கியம். "எனக்கு அறிவியல் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது? பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணா? மற்றவர்களுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டால் பிறகு எதையும் கூர்ந்து பார்க்க வேண்டிய பொறுப்பு இல்லை என்று நம் பெண்களில் பலரும் ஆண்களில் பலரும் பழகிவிட்டார்கள். இது அடக்கம் அல்ல. உங்கள் கைக்குத் தெரிந்ததை நீங்களே அவமதிப்பது.

அந்த உருண்டையை எடுத்துக்கொள்வோம். ஜியோ காஸ்மோஸ் என்று அதற்குப் பெயர். ஆறு மீட்டர் விட்டம். 2011இல் அதைப் புதுப்பித்தபோது அதன் மேல் 10,362 சிறிய ஒளிப்பலகைகளைப் பதித்தார்கள். 1992இலும் 2000இலும் விண்வெளிக்குப் போய்வந்த மாமோரு மோரி அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். தான் மேலிருந்து கண்ட ஒளிரும் பூமியை எல்லோரும் காண வேண்டும் என்று விரும்பியவர். இவையெல்லாம் அங்கே பலகையில் எழுதியிருக்கும், உங்கள் கணவரும் படித்துச் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் பார்த்தது வேறு. தட்டையான துண்டுகளைக் கொண்டு ஓர் உருண்டையை எப்படி மூடினார்கள், விளிம்புகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தீர்கள். டார்ட் பிடிக்காமல், அதாவது துணியைக் கூராக மடித்துத் தைக்காமல், தட்டைத் துணி உடம்பின் வளைவில் உட்காராது என்பதைக் கையால் அறிந்தவருக்குத்தான் அந்தக் கண் வாய்க்கும். 1827இல் கவுஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை நிறுவிய உண்மையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: உருண்டையின் பரப்பில் ஒரு சிறு பகுதியைக்கூட, நீட்டாமலும் சுருக்காமலும், தட்டையாக விரிக்க முடியாது. நம் பள்ளிச் சுவர்களில் தொங்கிய உலகப்படங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரிந்ததற்கும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு பெரியது என்பதற்கும் இடையில் உள்ள இடைவெளி இதனால் வந்ததே. உங்கள் கணவர் சிரித்த இடத்தில் அவர் நின்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அன்பினால்தான் விளக்கியிருக்கிறார். நானும் அதையே செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் மனைவி திருச்சியில் ஆர்.எம்.எஸ். என்று நாம் சொல்லும் ரயில்வே அஞ்சல் பிரிவில், கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற ஆண்டில், டோக்கியோவில் வேலை பார்த்துவந்த மகனைப் பார்க்கப் போனோம். ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏறி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஓடாய்பா பகுதிக்குப் போய், காலையிலிருந்து நான் பலகை பலகையாகப் படித்து அவருக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் தலையசைத்துக்கொண்டே வந்தார். இணையம் இயங்கும் விதத்தைக் காட்டும் ஓர் அமைப்பின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அதில் திரை எதுவும் முக்கியமில்லை. கறுப்பும் வெள்ளையுமான பந்துகள் தண்டவாளம் போன்ற பாதைகளில் உருண்டு, கோபுரங்களில் ஏறி, பிரிந்து, மறுமுனையில் போய்ச் சேரும். பந்து வரிசையின் முற்பாதி முகவரி, பிற்பாதி அனுப்பும் எழுத்து. நான் வழக்கம்போல் விளக்கப் பலகையை நோக்கி நகர்ந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "சும்மா இருங்கள், பார்க்கலாம்" என்றார்.

அரை மணி நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கோபுரம் முகவரியை மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குக் கவலையே இல்லை. எங்களுக்கும் அப்படித்தான்." 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை அங்கேயே எனக்குச் சொல்லித்தந்தார். முதல் இலக்கம் 6 என்றால் தெற்கே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும், முதல் மூன்றும் 620 என்றால் திருச்சிக்கு, கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்பதற்கு. தொலைவில் இருப்பவர் முழு முகவரியையும் படிக்க வேண்டியதில்லை, முதல் இலக்கத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டால் போதும், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்றார். இணையத்தின் வழிப்படுத்தும் கருவிகள் செய்வதும் இதுவே. இதை எனக்கு எந்தப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அவர் அத்துடன் விடவில்லை. அங்கே நின்றிருந்த இளம் விளக்குநரிடம் மகன் மூலமாக ஒரு கேள்வி கேட்டார்: "வழியில் ஒரு பந்து தொலைந்தால் என்ன செய்வார்கள்?" மெய்யான இணையத்தில், வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைக்காவிட்டால், அனுப்பியவரின் கணினி அதையே மறுபடியும் அனுப்பும் என்று அந்தப் பெண் சொன்னார். என் மனைவி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் அவர்களிடம் நகல் இருக்கிறது. எங்களிடம் நகல் கிடையாது. ஒரே கடிதம்தான்" என்றார்.

அதன் பிறகு மாலை வரை அவர்தான் பேசினார். ஊர்ப்பெயர் மட்டும் எழுதி, மாவட்டம் எழுதாத உறைகளை இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் கைமாற்றிப் படித்துப் பார்ப்பார்கள் என்பதையும், மழையில் நனைந்து வந்த ஒரு பையில் மை கலைந்திருந்த கடிதங்களை மின்விசிறிக்குக் கீழே பரப்பி உலர்த்தியதையும், அதில் ஒன்று பணி நியமன ஆணை போலத் தெரிந்ததால் அதைக் கடைசி வரை தனியாக வைத்துக் காத்திருந்ததையும் சொன்னார். எங்களுக்குத் திருமணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவுப்பணி முடித்து வந்தவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேனே தவிர, அங்கே கைகள் என்ன செய்கின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்றும் எனக்கு இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

2021 முதல் மிராய்கனின் இயக்குநராக இருப்பவர் சியேகோ அசகாவா. பதினான்கு வயதில் பார்வையை முற்றிலும் இழந்தவர். பார்வையற்றவர்கள் இணையப் பக்கங்களைக் காதால் கேட்க உதவிய மென்பொருளை 1997இல் ஐபிஎம் நிறுவனத்தில் உருவாக்கியவர்; இப்போது பார்வையற்றவரை வழிநடத்தும் பயணப்பெட்டி வடிவ ரோபோவை உருவாக்கும் பணியில் முன்னிற்பவர். தனக்கு எது இடறுகிறது என்பதிலிருந்து தொடங்கியவர் அவர். அத்தகையவர் தலைமை தாங்கும் இடத்துக்குப் போய்விட்டு வந்து, தெரியாது என்று எழுதுகிறீர்களே!

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன். தனியாகப் போவதா சேர்ந்து போவதா என்பதற்கு, சேர்ந்தே போங்கள். ஆனால் அவர் பேசத் தொடங்கும்போது மணிக்கட்டைப் பிடியுங்கள். இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த விளிம்புகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி நகர்ந்துவிட்டீர்கள். ஆறு மீட்டர் உருண்டைக்குச் சுருக்கம் விழாமல் துணியில் உறை தைக்க வேண்டுமென்றால் எத்தனை துண்டுகளாக வெட்டுவீர்கள், உச்சியில் தையல்கள் எல்லாம் ஒன்றுகூடும் இடத்தில் எவ்வளவு துணி விடுவீர்கள், முதலில் எங்கே ஊசி போடுவீர்கள்? படம் வரைந்தே அனுப்புங்கள்.