வத்தல் பெட்டியில் பூஞ்சணம் பூப்பது ஏன்?

கேள்வி: எங்கள் வீடு பள்ளத்தூரில். கொல்லையில் கத்தரி, கொத்தவரை, பாகல் நன்றாகக் காய்க்கின்றன. மாடியில் வத்தல் போட்டால் தூசி, அணில், காக்கை. அதனால் ஆசாரியை வைத்து மூன்றுக்கு நாலு அடியில் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே கண்ணாடி போட்டேன். பூச்சி நுழையாதபடி எல்லாப் பக்கமும் அடைத்தாயிற்று. ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கிறது. கத்தரி வத்தல் கறுத்து, மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்துவிட்டது. இதே அளவுப் பெட்டியை ஓர் ஏஜென்ட் 28,000 ரூபாய்க்குத் தருகிறாராம். நாளைக்குப் பத்துக் கிலோ காயும் என்கிறார். மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பட்டா நகல் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. காற்றுக்கு வழி விடாமல் அடைத்ததுதான் தவறு. காயிலிருந்து கிளம்பிய ஈரம் வெளியே போக இடமில்லாமல் கண்ணாடியில் படிந்து, திரும்பக் காயின் மேலேயே சொட்டுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். செட்டிநாட்டு வெயிலில் சூட்டுக்குப் பஞ்சமே கிடையாது. காயை உலர்த்துவது அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு நகரும் காற்று.

பூஞ்சணம் பிடித்த வத்தலைத் துடைத்து, மறுபடி காயவைத்து எடுத்துவைக்க வேண்டாம். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கழுவினாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

இப்போது அந்தப் பத்துக் கிலோ கணக்கு. இதைச் சொல்லித்தான் ஊர் ஊராக விற்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்டில் கணக்குப் போடலாம். மூன்றுக்கு நாலு அடி என்பது ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். நல்ல வெயில் நாளில் அந்தப் பரப்பில் விழும் வெயில் 5 முதல் 6 யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். பத்துக் கிலோ கத்தரிக்காயில் தண்ணீர் மட்டும் ஒன்பது லிட்டருக்கு மேல். அதாவது விழுகிற வெயில் துளிகூட வீணாகாமல் முழுவதும் காய்க்குள் போனால்கூடப் போதுமா என்பது சந்தேகம். வீட்டில் செய்யும் பெட்டி விழுந்த வெயிலில் கால் பங்கைப் பயன்படுத்தினாலே நல்ல பெட்டி. அந்தக் கணக்கில் நாளைக்கு இரண்டு கிலோ காய், அவ்வளவுதான். 28,000 ரூபாய்ப் பெட்டிக்கும் அதே சூரியன்தான். மின்விசிறி வைத்திருக்கிறோம் என்பார்கள். விசிறி காற்றை நகர்த்தும், வெயிலைக் கூட்டாது. இதைத் தெரிந்தே மறைத்து, வீட்டுப் பெண்களிடம் முன்பணம் வாங்குகிறவர்களை எனக்கு மன்னிக்க மனமில்லை.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். ஆசாரியைத் திரும்பக் கூப்பிட்டு, தாழ்ந்த முனையில் அகலவாக்கில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு திறப்பு வெட்டச் சொல்லுங்கள். எதிர் முனையில், கண்ணாடியை ஒட்டி உயரத்தில் இன்னொன்று. மேல் திறப்பு கீழ்த் திறப்பைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. இரண்டுக்கும் கொசுவலை அடித்தால் பூச்சிக் கவலை தீர்ந்தது. பெட்டியைத் தெற்குப் பார்த்து வைத்து, வடக்கு முனையை ஒன்றேகால் அடி தூக்குங்கள். சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும், கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மேல் திறப்பின் மேல் இரண்டு மூன்று அடிக்குத் தகரப் புகைபோக்கி நிறுத்தினால் இழுவை இன்னும் நன்றாக இருக்கும்.

முற்றத்தில் வைக்க ஆசை வரும், குனிந்து ஏற வேண்டாம் பாருங்கள். ஆனால் நம் ஊர்ப்பக்க வீடுகளில் நாலு பக்கமும் ஓட்டுச்சரிவு உயர்ந்து நிற்பதால் முற்றத்துக்கு நல்ல வெயில் உச்சிவேளையில் சில மணி நேரம்தான். மாடிதான் சரி.

கறுப்புப் பெயின்ட் மினுமினுப்பில்லாததாக இருக்கட்டும். அடித்தபின் காலிப் பெட்டியைப் பல நாள் வெயிலில் போட்டு, வாடை முழுக்கப் போனபிறகே காய் வையுங்கள். கண்ணாடி தெளிந்ததாக இருக்க வேண்டும். காரைக்குடிப் பழைய பொருள் கடைகளில் ஜன்னல் வண்ணக் கண்ணாடி மலிவாகக் கிடைத்தாலும் அது வெயிலில் ஒரு பங்கை நிறுத்திவிடும். சாமான் வந்த பெட்டி மரத்தை ஆசாரி கொண்டுவந்தால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்றால் வெறும் சூடு காட்டிய மரம், ‘எம்பி’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றிய மரம். பின்னது வேண்டாம்.

காய் பரப்பும் தட்டுதான் எல்லோரும் ஏமாறும் இடம். ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஜி.ஐ. வலையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் பூசியிருப்பது துத்தநாகம். உப்பும் புளிப்பும் பட்டால் அது கரைந்து சாப்பாட்டில் சேரும். 304 ஸ்டீல் வலை வாங்குங்கள், இல்லாவிட்டால் மூங்கில் தட்டியே போதும்.

இந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது: மோர் மிளகாய். பகலில் காயப்போட்டு, மாலையில் எடுத்து அதே மோரில் ஊறப்போட்டு, மறுநாள் மறுபடி காயப்போட்டு, மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை செய்கிறோம். மிளகாயின் மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட்டால் மோர் உள்ளே போகாது. பெட்டிச் சூடு அதைத்தான் செய்யும். மோர் சொட்டிக் கறுப்பு அடிப்பலகையில் காய்ந்தால் புளித்த வாடை அடுத்து வைக்கும் கொத்தவரையிலும் ஏறும். பெயின்டும் உரியும். எனவே மோர் தீரும்வரை மோர் மிளகாய்க்கு மாடியும் வெள்ளைத்துணியும்தான். மோரெல்லாம் இழுத்தபிறகு, கடைசி ஈரம் போக மட்டும் ஸ்டீல் தட்டில் பரப்பி உள்ளே வைக்கலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் இந்த முறையை மாற்றாதீர்கள்.

கத்தரி, கொத்தவரை, பாகலை ஒரே கனத்தில் நறுக்கி, உப்புப்போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வாட்டி, வடித்து, ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். உங்கள் கத்தரி கறுத்ததற்கு வாட்டாததும் ஒரு காரணமாக இருக்கலாம். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 50 முதல் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மேலே தோலாகி உள்ளே ஈரம் தங்கும், மேல் திறப்பைப் பெரிதாக்குங்கள். முருங்கைக் கீரையை நேர் வெயில் வெளுக்கவைக்கும், கண்ணாடிமேல் துணி போட்டுவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் திறப்புகளை மூடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஈரத்தைக் காய் திரும்பக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

கடைசியாக மானியம். வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருவது உண்மைதான். ஆனால் அது நிலத்தில் நிறுத்தும் பெரிய பாலிகார்பனேட் கூடார உலர்த்திக்கு. கொல்லையில் நாலு செடி வைத்து மாடியில் வத்தல் போடுகிறவர் அந்தத் திட்டத்தின் கண்ணிலேயே படுவதில்லை. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊர்களில் வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வத்தல் போட்டே குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் பெண்கள் விவசாயக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு சிறு பெட்டிக்கான உதவி யோசிக்க இத்தனை காலமா? அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார். கூடார உலர்த்தி வேண்டுமென்றாலும் உழவன் செயலியில் நீங்களே பதியலாம், நடுவில் ஆள் தேவையில்லை. பட்டா நகல் ஏற்கெனவே அவர் கைக்குப் போயிருந்தால், உங்கள் பெயரில் ஏதாவது விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள். இருந்தால், நான் போடவில்லை என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.