அறுவை சிகிச்சைக்குப் பின் கோத்துக்கொள்ளும் நிணநீர்: கேள்வி பதில்

கேள்வி: தோல் புற்றுநோய்க்காக அப்பாவின் தொடையிடுக்கிலிருந்து நிணநீர்க் கணுக்களை அகற்றினார்கள். அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ஊசியால் எடுத்தாலும் சில நாட்களில் மீண்டும் நிறைகிறது. ஏன் டாக்டர்?

பதில்: நிணநீர் என்பது திசுக்களிலிருந்து வடிந்து மீண்டும் இரத்தத்தில் சேரும் நீர். கணுக்களை எடுக்கும்போது, அதை அவற்றுக்குக் கொண்டுவரும் நிணநாளங்கள் அறுபடுகின்றன. நிணநீரில் உறைதலுக்கு வேண்டிய புரதங்கள் இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், அறுபட்ட வாய் எளிதில் அடைபடுவதில்லை. ஊசி தேங்கிய நீரை எடுக்கிறதே தவிர, கசியும் வாயைத் தொடுவதில்லை. அடிக்கடி குத்தினால் கிருமித்தொற்றுக்கும் இடமுண்டு. சிறிய, வலியில்லாத தேக்கங்கள் பெரும்பாலும் தாமாக வற்றிவிடும். வற்றாதவற்றுக்கு வடிகுழாய் வைப்பதும், நீர் தேங்கிய பையின் சுவர்கள் ஒட்டிக்கொள்வதற்காக டாக்சிசைக்ளின் போன்ற மருந்தைச் செலுத்துவதும் வழக்கம்.

கேள்வி: அவையும் பலிக்காவிட்டால், நுண் அறுவை சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

பதில்: கால் விரலிடுக்குகளில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், எந்த நாளம் பைக்குள் வடிகிறது என்பது திரையில் ஒளிரும். பிறகு நுண்ணோக்கியின் கீழ், அந்த நாளத்தை அருகிலுள்ள சிறு சிரையோடு (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயோடு) இணைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்கள் இவை; தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஜப்பானைச் சேர்ந்த இசாவோ கோஷிமா போன்றோர் வளர்த்தெடுத்த இம்முறையில், பைக்குள் கொட்டிய நிணநீர் நேரே இரத்த ஓட்டத்தில் சேர்கிறது.

கேள்வி: கசியும் நாளத்தைக் கட்டிவிட்டால் போதாதா?

பதில்: பல நேரங்களில் போதும். ஆனால் கணுக்களை இழந்த காலில் மிஞ்சியிருக்கும் பாதைகளே சில. அவற்றிலும் ஒன்றை அடைத்தால் வீக்கம் கூடலாம். ஆகவே ஏற்கெனவே கால் வீங்கியிருப்பவருக்குச் சிரையோடு இணைப்பதே மேல் என்பது என் கருத்து. கதிர்வீச்சு பெற்ற இடத்தில் தழும்பு இறுகியிருப்பதால், இணைக்கத் தகுந்த நாளம் கிடைப்பதே கடினம். பை சீழ் பிடித்திருந்தால் முதலில் அதை வடித்துத் தொற்றைத் தீர்க்க வேண்டும். தையல் அதன் பிறகுதான்.

கேள்வி: சிறுநீரக மாற்றுக்குப் பின் வயிற்றில் தேங்கும் நீருக்கும் இதே முறைதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எடுத்த நீரில், சிறுநீரில் மிகுதியாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினினின் அளவைப் பார்த்து, அது சிறுநீர்க் கசிவல்ல என்று முதலில் உறுதி செய்வார்கள். நிணநீர்தான் என்றால், லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சை) மூலம் பையில் ஒரு திறப்பு வைத்து வயிற்றறைக்குள் வடியவிடுவார்கள்; அங்குள்ள சவ்வு அதை உறிஞ்சிக்கொள்ளும்.